காரீயமும் மந்தப் பிள்ளைகளும்

கருவேப்பிலங்குறிச்சியை அடுத்த விருத்தாசலத்தில் பியூஸ் கட்டைகளும் அகல்விளக்குகளும் பொம்மைகளும் நாள்தோறும் சூளையேறி இறங்குகின்றன. மிகுந்த வெப்பத்தில் வேகும் மின்சாரப் பீங்கானுக்குக் காரீயம் தேவைப்படுவதில்லை. குறைந்த வெப்பத்திலேயே உருகிக் கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகு வேண்டும் என்ற ஆசைதான் உலகின் பல நாட்டுக் குயவர்களைக் காரீயத்திடம் கொண்டுசேர்த்தது. அதன் விலையைக் கொடுத்தவர்களின் வரலாறு நீண்டது.

ஈயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அதில் தீங்கில்லை. நஞ்சு காரீயமே. ஆனால் வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்றால் வாங்குகிறவர் கண்ணால் கண்டுபிடிப்பது அரிது.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாத்சினி 1700-இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்றும் மருத்துவன் கேட்கவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். மெருகுக்காகக் காரீயத்தை அரைக்கும் குயவர்களின் கைகள் முதலில் நடுங்குவதையும், பின்னர் அவர்கள் முடங்கிப்போவதையும் அதில் எழுதிவைத்தார். அவர் கண்டது வளர்ந்த மனிதர்களின் துன்பம். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தின் ஸ்டாபோர்ட்ஷயர் பீங்கான் ஊர்களில் மெருகுத் தொட்டியருகே பெண்கள் வேலை செய்தபோதுதான் பிள்ளைகளின் பக்கம் பார்வை திரும்பியது. அப்பெண்களுக்குக் கருச்சிதைவும் இறந்தே பிறக்கும் குழந்தைகளும் மிகுந்திருந்தன. அரசு 1898-இல் தார்ப், ஆலிவர் என்ற இரு அறிஞர்களை ஆராயப் பணித்தது. காரீயமில்லா மெருகு இயலும் என்று அவர்கள் காட்டியும், முதலாளிகள் நெடுங்காலம் தயங்கினார்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்கார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளின் வண்ணப்பூச்சு பிள்ளைகளின் விரல்வழியே வாய்க்குள் போகிறது என்று 1904-இல் எழுதினார். இவ்வளவும் தெரிந்த பின்னும் மருத்துவ உலகில் ஒரு பெரும் பிழை நீடித்தது. வலிப்பு வந்தால், மயங்கி விழுந்தால் காரீய நோய். பிழைத்து எழுந்துவிட்டால் குணம். வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பாஸ்டன் நகரில் ராண்டால்ப் பையர்சும் எலிசபெத் லார்டும் தேடிப் பின்தொடர்ந்தார்கள். 1943-இல் வெளியான அவர்களது கட்டுரை இருபது பிள்ளைகளின் கதை. அவர்களுள் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் பள்ளியில் தடுமாறினர். உடல் தேறியிருந்தது, கவனமும் கற்கும் ஆற்றலும் தேறவில்லை. எத்தனை வகுப்பறைகளில் இத்தகைய பிள்ளைகள் ‘மந்தம்’ என்று பெயர் பெற்றுப் பிரம்படியும் பட்டிருப்பார்கள்!

நோய் என்றே ஒருபோதும் படுக்காத பிள்ளைகளின் நிலை என்ன? அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன் இதற்கு விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். நம் ஊரில் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறியும் அதே பால்பல், அவருக்குப் பிள்ளை உட்கொண்ட காரீயத்தின் கணக்கேடாயிற்று. பல்லில் காரீயம் மிகுந்திருந்த பிள்ளைகள் அறிவுச் சோதனையிலும் வகுப்பறைக் கவனத்திலும் பின்தங்கியிருந்ததை 1979-இல் வெளியிட்டார். பின்னாளில் அவர்மீது ஆய்வு மோசடிக் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணையில் அது நிரூபிக்கப்படவில்லை.

காரீயம் உடலுக்குள் சுண்ணாம்புச் சத்தின் வேடத்தில் நுழைகிறது. உட்சென்றதில் வளர்ந்தவர் உடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஏற்க, குழந்தையின் உடல் பாதியளவுவரை ஏற்றுக்கொள்ளும். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து மூளை உருவாகிவரும் பருவத்தில் அது குறுக்கே நிற்கிறது. தாயின் எலும்பில் பல ஆண்டுகளாகத் தங்கியிருந்த காரீயமும், கருவுற்ற காலத்தில் சுண்ணாம்புச் சத்தோடு கரைந்து சிசுவைச் சேர்கிறது. அவள் எப்போதோ கைவிட்ட வேலையின் எச்சம் அது. இரத்தத்திலிருந்து காரீயத்தை இறக்கும் மருந்து உண்டு. ஆனால் அமெரிக்காவில் 780 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான சோதனையில் காரீய அளவு இறங்கியதே தவிர, அறிவுத் திறனில் மீட்சி தென்படவில்லை. வருமுன் காப்பது ஒன்றே வழி என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் விடைபெற்றது. அதற்குப் பின்னர்ச் சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள 756 பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து, முடிவை 2009-இல் வெளியிட்டார்கள். சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அன்று அமெரிக்கா கவலைக்குரியதாகக் கொண்டிருந்த அளவு 10. இன்று அது 3.5. பிள்ளைகளின் நடத்தையைப் பற்றி ஆசிரியர்கள் நிரப்பிய வினாத்தாள்களில், காரீயம் மிகுந்தவர்களிடம் பதற்றமும் கவனச் சிதறலும் மிகுந்து காணப்பட்டன.

வீட்டு வண்ணப்பூச்சில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்று இந்திய அரசு 2016-இல் விதி செய்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே பூசப்பட்ட கதவுகளும் சன்னல் கம்பிகளும் தொட்டில்களும் வகுப்பறைப் பெஞ்சுகளும் இன்னும் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்திலேயே இருக்கின்றன.