இணையதள வண்ணத் தேர்வு

இணையதளத்தின் பின்னணி, எழுத்து, சுட்டி, பொத்தான் ஆகியவற்றுக்கு எந்த நிறம் என்று முடிவு செய்யும் வேலை. அலங்கார வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எழுத்தைப் படிக்க வைப்பதுதான் அதன் முதல் கடமை.

கணினி வருவதற்கு முன்பே இந்தக் கடமையை அறிந்தவர்கள் நம் ஊர்ச் சுவரெழுத்து ஓவியர்கள். வெள்ளையடித்த சுவரில் அவர்கள் மஞ்சளை மட்டும் வைத்து எழுதுவதில்லை. கட்டாயம் கருப்பில் ஓரம் கட்டுவார்கள். சென்னையை அடுத்த கீழ்க்கட்டளையில் மேடவாக்கம் பிரதான சாலையும் 200 அடி சாலையும் சந்திக்கும் இடத்தில் நின்றால், ஓடுகிற வாடகை வண்டியின் மஞ்சள் நம்பர் பிளேட்டில் கருப்பு எண்ணைத் தொலைவிலிருந்தே படித்துவிடலாம். அந்தச் சாலைகளின் இருபுறமும் உள்ள ஃப்ளெக்ஸ் போர்டுகள் எல்லாவற்றையும் அப்படிப் படிக்க முடியாது.

இணையத்தில் நிறத்தின் கதை வறுமையில் தொடங்கியது. 1993-இல் வந்த மொசைக் உலாவியில் சாம்பல் பின்னணி, கருப்பு எழுத்து, நீலச் சுட்டி; அந்த நீலம் இன்றும் நிலைத்திருக்கிறது. அக்காலத்துப் பல கணினித் திரைகள் ஒரே நேரத்தில் 256 நிறங்களைத்தான் காட்டின. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஆறு படிகள் என்று பெருக்கி, 216 நிறங்களைப் 'பாதுகாப்பானவை' என்று வடிவமைப்பாளர்கள் வைத்துக்கொண்டார்கள். 1996 டிசம்பரில், இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் முதல் பதிப்பு வெளியானது. நிறத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரித்துத் தனியே எழுத அது வழிசெய்தது. இன்று சாதாரணக் கைபேசியே 1,67,77,216 நிறங்களைக் காட்டுகிறது. வசதி பெருகியபோது தவறும் பெருகியது: நாகரிகம் என்று சொல்லி எழுத்தை வெளிறிய சாம்பலாக்கினார்கள்.

அளவுகோல் தாமதமாகவே வந்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் (W3C) 1999-ஆம் ஆண்டு அணுகல் நெறிகள் 'போதிய வேறுபாடு வேண்டும்' என்றன. எவ்வளவு என்று சொல்லவில்லை. 2008 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு எண்ணைத் தந்தது: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் கருப்பு 21:1. மஞ்சளில் கருப்பு சுமார் 19.6:1, நம்பர் பிளேட் தேறிவிடுகிறது. வெள்ளையில் தூய மஞ்சள் 1.07:1, அதாவது ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. வெள்ளையில் தூய சிவப்பு 4:1, அதுவும் தேறாது. சாம்பலில் #767676 என்ற நிறக்குறியீடு வெள்ளையில் தேறும். ஒரே ஒரு படி வெளிறிய #777777 தேறாது.

விகிதம் சரியாக இருந்தாலும் வேலை முடிவதில்லை; நிறம் பார்க்கும் கண்ணையும் பொறுத்தது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் தம் கடைசி ஆண்டுகளில் நிற உணர்வையே ஆராய்ந்து, 1968-இல் பார்வையின் உடலியல் பற்றி நூல் வெளியிட்டார். எல்லாக் கண்ணும் ஒரே நிறத்தைக் காண்பதில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர்கள் ஆண்களில் அதிகம். ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் அவர்களில் ஒருவர். அவர்களிடம் 'சிவப்பில் உள்ள கட்டங்களை நிரப்பவும்' என்று சொல்வதில் பயனில்லை. குறியோ சொல்லோ உடன் இருக்க வேண்டும்.

தமிழுக்கு இன்னொரு கவலை உண்டு. வெளிறிய நிறத்தில், சிறிய அளவில், முதலில் காணாமல் போவது புள்ளி. புள்ளி மறைந்தால் 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். ழகரத்தின் கீழ்ச்சுழியும் கரைந்துவிடும். 4.5:1 என்ற எண்ணுக்கு எந்த எழுத்துமுறை என்பது தெரியாது. அணுகல் நெறிகளின் உயர்நிலை அளவான 7:1-ஐயே தமிழ்த் தளங்கள் குறைந்தபட்சமாகக் கொள்வது நல்லது.

இந்தியாவில் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வந்தன. மூன்றாம் பதிப்பு 2023-இல் வெளியானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மின்னணுச் சேவைகளையும் அணுகத்தக்கதாக்கச் சொல்கிறது. இதெல்லாம் நம் ஊருக்கும் பொருந்தும்: பல்லாவரம் நகராட்சியில் இருந்த கீழ்க்கட்டளை 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. சொத்துவரி கட்டுவது முதல் பிறப்புச் சான்றிதழ் வரை இங்கும் கைபேசித் திரைக்கு வந்துவிட்டன. அந்தத் திரையைப் பலர் வெயிலில் நின்றுதான் பார்க்கிறார்கள்.

தளம் செய்கிறவர்களே, ஒரு முறை நண்பகலில் கீழ்க்கட்டளை பேருந்து நிலையத்துக்கு வந்து, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் திரைக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்தால், நிறத்தை மாற்றுங்கள்.