நெட் பவுலர்: ஏலத்தில் போகாதவர்களின் வழி

ஐபிஎல் ஏலத்தில் விலை போகாமலோ, அறிவித்த அணிப் பட்டியலில் பெயர் இல்லாமலோ இருந்து, பிறகு அணிக்குள் வந்து ஆடியவர்கள் கிரிக்கெட்டில் உண்டு. அவர்களில் பலர் வந்த வழி வலைப்பயிற்சி. பயிற்சியில் மட்டையாளர்களுக்குப் பந்துவீச அணி அழைத்துச் செல்பவரே நெட் பவுலர். மட்டையாளர் எந்தப் பந்துக்குத் திணறுகிறாரோ, அதையே திரும்பத் திரும்ப வீசச் சொல்வார்கள். ஸ்கோர் அட்டையில் பெயர் வராது. பயிற்சியாளரின் கண்ணில் பட்டால்தான் உண்டு.

இதற்குத் தலைசிறந்த சான்று சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் த. நடராஜன். வற்றிய கண்மாயில் ஆடும் ஊர்ப் பையன்களைப்போல இவரும் டென்னிஸ் பந்தில்தான் வளர்ந்தார். சென்னை லீக் வழியாக 2015இல் ரஞ்சி ஆடினார். முதல் ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குள்ளாக, கை அசைவைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2020 ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்காக வீசிய யார்க்கர்கள் அவருக்கு ஆஸ்திரேலியப் பயணத்தில் இடம் வாங்கித் தந்தன. அதுவும் நெட் பவுலராக மட்டுமே.

டி20 அணியில் இருந்த வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம். அவருக்குப் பதிலாக நடராஜன் சேர்ந்தார். டிசம்பர் 2இல் கான்பராவில் ஒருநாள் போட்டி, இரண்டு நாளில் டி20. அதற்குப் பின்னும் நெட் பவுலராக அங்கேயே தங்க வைத்தார்கள். ஷமி, உமேஷ், பும்ரா என வேகப்பந்து வீச்சாளர்கள் வரிசையாகக் காயம்பட, 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடி, முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். ஒரே பயணத்தில் மூன்று வடிவிலும் அறிமுகமான முதல் இந்தியர் இவரே. டி20 தொடருக்குப் பின் வலையில் வீசத் தங்கிய வாஷிங்டன் சுந்தரும் அதே டெஸ்டில் அறிமுகமாகி, முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டும் 62 ரன்னும் எடுத்தார். காயம் கதவைத் திறந்தது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் ஆட்டத்துக்குத் தயாராக அவர்கள் அங்கே இருந்ததே பெரிய விஷயம்.

மட்டையாளருக்கு வழி வேறு: மாற்று வீரர். 2022 ஏலத்தில் விலை போகாத ரஜத் பட்டிதார், காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக 20 லட்சத்துக்கு பெங்களூரு அணிக்குள் வந்தார். எலிமினேட்டரில் லக்னோவுக்கு எதிராக 54 பந்தில் ஆட்டமிழக்காமல் 112. 2025இல் அந்த அணி முதன்முறையாகக் கோப்பை வென்றபோது அவர்தான் கேப்டன்.

வேறு விளையாட்டிலும் இப்படி உண்டு. அமெரிக்கக் கால்பந்தில், அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தேர்வாகாமல், மளிகைக் கடையில் சரக்கு அடுக்கிய கர்ட் வார்னர் 2000 ஜனவரியில் சூப்பர் பவுலின் சிறந்த வீரரானார்.

சின்னப்பம்பட்டியில் நடராஜன் அமைத்த மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. தொலைவான ஊர்ப் பையன்களுக்கு முதல் தேவை அப்படியொரு ஆடுகளம்தான்.