76-ஆம் கண்ணி: குளோரோகுயின் வீழ்ந்ததும் மீண்டதும்

2005-இல் மலாவி நாட்டின் பிளான்டயர் நகரில், மலேரியாக் காய்ச்சலோடு வந்த குழந்தைகள் சிலருக்கு அந்நாடு 12 ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்ட குளோரோகுயின் மாத்திரை கொடுக்கப்பட்டது. முடிவுக்குக் கணக்கில் எடுத்த 80 குழந்தைகளில் ஒருவருக்கு மட்டுமே மருந்து பலிக்கவில்லை. 1993-இல் இதே மருந்து பயனற்றுப் போனதால்தான் மலாவி அதை நிறுத்தியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மருந்து மாறவில்லை; ஊரில் உலவிய ஒட்டுண்ணிக் கூட்டம் மாறியிருந்தது.

ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் 1934-இல் ஹான்ஸ் ஆன்டர்சாக் உருவாக்கியது குளோரோகுயின். உலகப் போருக்குப் பின் அதுவே மலேரியாவுக்கு முதலில் கொடுக்கும் மருந்தானது. ஆனால் 1950களின் இறுதியிலேயே தாய்லாந்து–கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் அது தோற்கத் தொடங்கியது. கம்போடியாவின் பைலின் பகுதியில் சமையல் உப்பிலேயே இம்மருந்தைக் கலந்து கொடுத்ததும் உண்டு. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் இரத்தத்தில் சிறிதளவு மருந்து எந்நேரமும் இருந்தால், அதைத் தாங்கும் ஒட்டுண்ணிக்கே பிழைக்க வழி கிடைக்கும்.

மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பால்சிபாரம் நம் சிவப்பணுவுக்குள் அமர்ந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அதில் மிஞ்சும் ஹீம் அதற்கே நஞ்சு; அதனால் உணவுக் குமிழுக்குள் அதைப் படிகமாக்கி ஒதுக்கிவிடுகிறது. படிகமாவதைக் குளோரோகுயின் தடுக்கிறது, ஒட்டுண்ணி சாகிறது. அந்தக் குமிழின் சுவரில் உள்ள ஒரு புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலியில், 76-ஆம் கண்ணியாக லைசின் இருக்க வேண்டிய இடத்தில் திரியோனின் வந்துவிட்டால், உள்ளே வந்த மருந்தைப் புரதமே வெளியே கடத்திவிடும். இப்புரதத்துக்கான மரபணு 2000-இல்தான் அடையாளம் காணப்பட்டது.

அதன் பிறகு பழைய வரலாற்றை ஒட்டுண்ணியிடமே படிக்க முடிந்தது. சாதாரணமாக ஊருக்கு ஊர், ஏன், ஒரே நோயாளியின் உடலுக்குள்ளும் இவ்வொட்டுண்ணி பல மரபு வகைகளாக இருக்கும். கொசுவின் வயிற்றில் அவை கலந்து புது வகைகளும் பிறக்கும். ஆனால் மருந்து எதிர்ப்பைத் தரும் அந்த மரபணுவைச் சுற்றிய பகுதி மட்டும் நாடு கடந்தும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தது. ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் மற்றவற்றை ஓரங்கட்டிப் பெருகியதற்கு அதுவே சான்று. ஆப்பிரிக்காவில் 1970களின் இறுதியில் தென்பட்ட எதிர்ப்பு வகை, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போனது என்பதும் இப்படித்தான் உறுதியானது. அதன் விலையைப் பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத ஆப்பிரிக்கக் குழந்தைகள் உயிரால் கொடுத்தார்கள்.



மலாவிக்கு வருவோம். மருந்தை நிறுத்தியதும் எதிர்ப்பு வகைக்கு இருந்த சாதகம் போயிற்று. எங்கோ எஞ்சியிருந்த பழைய வகைகள், தம் பன்முகத்தன்மையோடு, மீண்டும் பரவின. எதிர்ப்பு மரபணு தானாகத் திருந்திவிடவில்லை.

இப்போது நம்பியிருப்பது ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தை. அதற்கும் எதிர்ப்பு முதலில் கம்போடியாவில்தான் வெளிப்பட்டது. ஆனால் ருவாண்டாவில் 2020-இல் அறிவிக்கப்பட்ட வகை ஆசியாவிலிருந்து வந்ததல்ல; ஆப்பிரிக்க ஒட்டுண்ணிகளுக்குள்ளேயே தோன்றியது. எல்லையில் காவல் போட்டு இதைத் தடுக்க முடியாது. காய்ச்சல்காரர்களின் இரத்தத் துளியில் ஒட்டுண்ணி உண்டா என்று பார்ப்பதோடு நிற்காமல், அது எந்த வகை என்பதையும் ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.