சோழவரத்து ஓடுதளம்

வேப்பம்பட்டு ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடை. அங்கே எனக்குப் பழக்கமான பையன் ஒருவன் இருக்கிறான். தொழிற்பேட்டையில் வேலை. சம்பளத்தில் பாதி மோட்டார் சைக்கிளின் மாதத் தவணைக்குப் போகிறது. ஒரு நாள் அவன் கேட்டான்: "ஏன் சார், நேர்கோட்டிலே வண்டி ஓட்டறதுக்கு என்ன பெரிய வித்தை வேணும்? வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. கியர் மாத்தத் தெரிஞ்சா போதாதா?"

"டிராக் ரேஸ்" என்று இளைஞர்கள் சொல்லும் பந்தயத்தைத்தான் அவன் குறிப்பிட்டான். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் புறப்படும். கால் மைல், அதாவது 402 மீட்டர், நேராக ஓடும். நம் ஊரில் சாதாரணமாகக் காணும் மோட்டார் சைக்கிள்கள் அந்தத் தூரத்தைப் பதினைந்து முதல் இருபது வினாடிக்குள் கடந்துவிடும். வெற்றிலை மடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடும்! இதில் என்ன ஆபத்து என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான். பையனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சரித்திரத்தைத்தான் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் நீர் வற்றிய ஏரிகள் உண்டு. பலகை போலச் சமமான தரை. 1930களில் அங்குள்ள இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, தேவையில்லாத பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, மூரோக் என்ற வறண்ட ஏரியில் வேகம் பார்த்து வந்தார்கள். யுத்தம் வந்தது, மூரோக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. யுத்தம் முடிந்து திரும்பிய வாலிபர்களுக்குக் கைவேலை தெரியும், வேகத்தில் மோகமும் உண்டு. ஊருக்குப் பக்கத்தில் இடந்தான் இல்லை. ஆகவே இரவு நேரங்களில் ஊர்ச் சாலைகளிலேயே பந்தயம் ஆரம்பமாயிற்று. சாலை என்பது பந்தயக்காரனுக்கு மட்டும் சொந்தமா? பால்காரரும் பாட்டியும் பள்ளிப் பிள்ளையும் வருகிற இடமல்லவா? விபத்துகள் நடந்தன. ஜனங்கள் கொதித்தார்கள். போலீஸார் துரத்தினார்கள்.

இதற்குப் பரிகாரம் ஓர் எளிய யோசனையில் கிடைத்தது. 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமான நிலையத்தில், விமானங்கள் பயன்படுத்தாத ஓடுதளத்தில் பந்தயம் நடத்த ஏற்பாடாயிற்று. அடுத்த ஆண்டு, 1951இல், வாலி பார்க்ஸ் என்பவர் இந்தப் பந்தயத்துக்கென்று தேசிய சங்கம் ஒன்றை நிறுவினார். 1954இல் அந்தச் சங்கத்தார் ஒரு வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போய், பாதுகாப்பாகப் பந்தயம் நடத்துவது எப்படி என்று உள்ளூர்க் கழகங்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அவர்களுடைய முதல் தேசியப் பந்தயம் 1955இல் கான்ஸாஸ் மாகாணத்தில் நடந்தது. அதுவும் ஒரு விமான ஓடுதளத்தில்தான்!

இங்கிலாந்திலும் இதே கதை. யுத்த காலத்து விமானத் தளமான சில்வர்ஸ்டன் 1948இல் பந்தய மைதானமாயிற்று. பாடிங்டன் விமானத் தளம் 1966இல் சாண்டா பாட் என்ற பெயரில் நேர்கோட்டுப் பந்தயத்துக்குத் திறக்கப்பட்டது. குண்டு சுமந்து புறப்படுவதற்காகப் போட்ட பாதைகள், யாரையும் கொல்லாத வேகத்துக்கு உதவின. யுத்தம் விட்டுச்சென்ற சொத்துக்களில் நல்ல காரியத்துக்குப் பயன்பட்டவற்றில் இதையும் சேர்க்கலாம்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பின் மேலும் விசாகப்பட்டினத்தின் மேலும் குண்டு போட்டபோது, சென்னை நகரம் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்கு ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த யுத்த காலத்தில் சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் இருந்தது. யுத்தம் ஓய்ந்தது, விமானங்கள் போய்விட்டன, பாதை மிஞ்சியது. 1953இல் சென்னையில் மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. பிறகு பல ஆண்டுகள் இந்தியாவின் பெரிய மோட்டார் பந்தயங்களுக்குச் சோழவரமே க்ஷேத்திரமாயிற்று.

அங்கே நடந்தவை பெரும்பாலும் வளைந்து சுற்றிவரும் பந்தயங்கள்தாம். கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்து ஓட்டினார்கள். கோயமுத்தூர் கரிவரதன் இங்கே புகழ் பெற்று, பிற்பாடு இளைஞர்கள் குறைந்த செலவில் ஓட்டிப் பழகுவதற்கான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைத் தாமே உருவாக்கினார். ஓடுதளம் எவ்வளவு நீளமானாலும் அது இரவல் இடம். பந்தயத்துக்கென்றே அமைந்த பாதை வேண்டும் என்று கழகத்தார் உழைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை அமைந்து, 1990இல் பந்தயங்கள் அங்கே குடியேறின. 3.717 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அந்தப் பாதையின் நேரான பகுதியில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் பந்தயங்களும் நடந்திருக்கின்றன.

இந்த விளையாட்டின் விதிகளைப் படித்துப் பார்த்தால், பல வரிகளுக்குப் பின்னால் ஒரு மனிதனின் காயம் இருப்பது தெரியும். டான் கார்லிட்ஸ் அமெரிக்காவின் மகா சூரர். 1970இல் புறப்படும் இடத்திலேயே அவருடைய காலடியில் கியர்ப் பெட்டி வெடித்து, வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவர் எஞ்சினை ஓட்டுபவனுக்குப் பின்னால் தள்ளி வைக்கத் திட்டம் போட்டார். 1971இல் அந்த வண்டியை ஓட்டி ஜெயித்தும் காட்டினார். 2008இல் ஸ்காட் கலிட்டா பாதையின் முடிவில் வண்டி நிற்காமல் உயிரிழந்தார். அதன் பிறகு, மிக வேகமான வகை வண்டிகளுக்கு 1,320 அடிப் பந்தயத்தை 1,000 அடியாகக் குறைத்தார்கள். ஓடும் தூரத்தைக் குறைத்து, நிற்கும் தூரத்தை நீட்டினார்கள்.

பையனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நேர்கோட்டுப் பந்தயத்தின் வித்தை நிற்பதில் இருக்கிறது! மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 28 மீட்டர் பாய்கிறது. கண் பார்த்து, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த 28 மீட்டர் போய்விடும். பிறகு நல்ல உலர்ந்த தரையில்கூட நிற்பதற்கு ஏறக்குறைய 55 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். பந்தயப் பாதையில் இதற்கென்று வெற்றுத் தூரம் விட்டிருக்கிறார்கள். ஊர்ச் சாலையில் அந்தத் தூரத்தில் யாரோ ஒருவர் நடந்து போய்க்கொண்டிருப்பார்.

ஆகையால் புதிதாக ஆரம்பிப்பவன் முதலில் தேட வேண்டியது இடம். கழகம் நடத்தும் பந்தயத்துக்குப் போய், ஒரு நாள் முழுவதும் வேடிக்கை மட்டும் பார்க்கட்டும். பிறகு தேசியக் கூட்டமைப்பு தரும் பந்தய லைசென்ஸை வாங்கட்டும். வண்டியைப் பரிசோதனைக்கு விடும் முன் தானே பார்க்கட்டும்: டயரில் காற்றும் தேய்மானமும், செயினின் தளர்ச்சி, பிரேக்கின் பிடிப்பு, முறுக்கிய ஆக்சிலரேட்டர் கையை விட்டதும் தானாகத் திரும்புகிறதா என்பது. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், தோல் சட்டை, கையுறை, கணுக்காலை மறைக்கும் பூட்ஸ். செருப்புக் காலோடு போகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்; அனுப்பத்தான் வேண்டும். முதல் ஓட்டம் தனியாக, அரை வேகத்தில். வண்டி நெளிந்தால் கௌரவம் பார்க்காமல் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முடிவுக் கோட்டைத் தாண்டியபின் வந்த வழியே திரும்பாமல், திரும்புவதற்கென்று விட்ட பாதையில் வர வேண்டும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. அமெரிக்காவில் சாமானியர்கள் ஓட்டும் பந்தயத்தில், தன் வண்டி எத்தனை வினாடியில் ஓடும் என்று ஒவ்வொருவனும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறான். மெதுவான வண்டி அதற்கேற்ப முன்னால் புறப்படும். சொன்னதைவிட வேகமாக ஓடிவிட்டவன் பெரும்பாலும் தோற்றுப் போவான். தன் அளவை அறிந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவனுக்கே வெற்றி! பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவன்கூட இதில் ஜெயிக்கலாம்.

இவ்வளவும் கேட்ட பையன், "இருங்காட்டுக்கோட்டை தூரம் சார். நெமிலிச்சேரியிலே ரிங் ரோடு இருக்கே, ராத்திரி காலியாக் கிடக்குது" என்றான்.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடுகிறது அந்தச் சாலை. சோழவரம் வட்டாரத்தின் வழியாகவும் போகிறது. பொதுச்சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் விட்டால், 2019இல் திருத்திய சட்டப்படி முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எடுத்துச் சொன்னேன். அவன் சிரித்தான். அபராதத்துக்குப் பயப்படும் வயதல்ல அவனுக்கு.

"உங்க அப்பா எந்த ஷிப்ட், தம்பி?" என்று கேட்டேன்.

"ராத்திரி ஷிப்ட் சார். ஒரு மணிக்கு முடியும்."

"எந்த வழியா வீட்டுக்கு வருவார்?"

அவன் பதில் சொல்லவில்லை. தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தான். சற்று நேரம் கழித்து, "அந்த லைசென்ஸ் வாங்க என்னென்ன வேணும் சார்?" என்று கேட்டான்.