இளையோர் உளநலப் பணி: ஒரு வரலாற்று நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை மேலை நாடுகளில் உளநோயாளர்க்கென இருந்த இடம் பெரும்பாலும் மதில் சூழ்ந்த பித்தர் விடுதியே. நோய் முற்றியோர்க்கே அதன் கதவு திறந்தது. உள்ளந் தளர்ந்த இளைஞன் ஒருவன் அந்நிலையை எய்துமுன் நாடிச் செல்லத்தக்க இடம் இல்லையென்றே கூறலாம்.

1899ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரிற் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் நிறுவப்பட்டது. யேன் அடம்ஸ் அம்மையாரின் ஹல் இல்லத்தைச் சார்ந்த மாதர் அதற்குப் பெரிதும் உழைத்தனர். ஆயினும் தண்டனை பெற்ற சிறுவரே மீண்டும் மீண்டும் அம்மன்றின்முன் வந்து நின்றனர். காரணத்தை ஆராய்தற்பொருட்டு எதல் டம்மர் என்னும் செல்வப் பெருமாட்டி ஐந்தாண்டுகட்குப் பொருளுதவ, 1909இல் வில்லியம் ஹீலி என்னும் மருத்துவரின் தலைமையில் ஓர் ஆய்வுநிலையம் தோன்றியது. குற்றவாளி பிறவியிலேயே அவ்வாறு அமைகின்றான் என்பது அக்காலத்தில் அறிஞர் பலர் கொண்ட கொள்கை. ஹீலியோ ஒவ்வொரு சிறுவனின் உடல்நிலை, அறிவாற்றல், குடும்பச் சூழல் ஆகியவற்றைத் தனித்தனி ஆராய்ந்ததோடு, அவன் தன் கதையைத் தன் வாயாற் கூறவுங் கேட்டார். எந்த ஒற்றைக் காரணமும் குற்றத்தை விளக்கப் போதாதென 1915இல் வெளியிட்ட பெருநூலிற் காட்டினார். அரிய பணியே, எனினும் அவ்வுதவியைப் பெறுதற்குச் சிறுவன் முதலிற் குற்றஞ் செய்யவேண்டியிருந்தது!

இக்குறையை நீக்க முற்பட்டது, கொமன்வெல்த் நிதியம் என்னும் அமெரிக்க அறநிலையம் 1922இல் தொடங்கிய திட்டம். குழந்தை வழிகாட்டல் நிலையங்கள் நகரந்தோறும் எழலாயின. மாணவர் இல்லங்களை நாடிச் செல்லும் ஆசிரியரும் நியமிக்கப்பட்டனர். பிள்ளையின் துயரை முதலிற் காண்பது இனி ஆசிரியரின் கண்ணாயிற்று. அக்கண் எத்தகையது? 1928இல் விக்மன் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர் அனைவரும் மனங்கொள்ளற்பாலது. களவு, பொய், கீழ்ப்படியாமை என்பவற்றை ஆசிரியர் கொடிய குறைகளாக மதித்தனர். உளவியல் வல்லுநரோ ஒதுங்கியிருத்தல், ஐயுறவு, மனச்சோர்வு என்பவற்றையே அஞ்சினர். வகுப்பைக் கலக்கியவன் கவனிக்கப்பட்டான். பின்வாங்கில் வாய்திறவாதிருந்தவன் ‘நல்ல பிள்ளை’ எனப் பெயர்பெற்றான். விக்மன் இரு சாராரையும் வினவிய முறை ஒன்றன்று எனப் பின்வந்தோர் குறைகூறியதுண்டு. ஆயினும் அவர் சுட்டிய உண்மையை வகுப்பறை அறிந்தோர் மறுத்தல் அரிது.

மற்றொரு தடை வயது. சிறுவர் நிலையங்கள் பதினெட்டளவிற் கைவிட, முதியோர்க்குரிய மருத்துவமனை அதன்பின் ஏற்றது. உளநோய் காண்போருள் அரைவாசிப் பேருக்கு 14 வயதளவிலும் முக்காற்பங்கினர்க்கு 24 வயதளவிலும் அது தொடங்கிவிடுகின்றதென 2005இல் கெஸ்லர் முதலியோரின் அமெரிக்க ஆய்வு கண்டது. வெள்ளம் மிக்க இடத்திலேயே பாலம் இடிந்திருந்தது.

மெல்போர்ண் நகரிற் பற்றிக் மக்கோரியும் துணைவரும் முதன்முறையாக உளப்பிறழ்வு காணும் இளையோர்க்கென 1992இல் தனிநிலையம் அமைத்தனர். 2006இல் அவுஸ்திரேலிய அரசின் நிதியுடன் ‘ஹெட்ஸ்பேஸ்’ தோன்றியது. 12 முதல் 25 வரையான வயதினர் மருத்துவரின் கடிதமின்றித் தாமாகவே செல்லலாம். கட்டணம் இல்லை, அன்றேற் சிறிதே. மருத்துவமனைச் சாயல் தவிர்க்கப்பட்டது. உடல்நலம், போதைப்பழக்கம், தொழில் பற்றிய உதவியும் ஒரே கூரையின்கீழ் அமைந்தது. நிலையங்கள் இன்று 150இற்கு மேற்பட்டன. பலர் அடைந்த முன்னேற்றம் சிறிதேயென மதிப்பீடுகள் சில கூறுகின்றன. கடிதமின்றிப் புகத்தக்க அக்கதவின் உட்புறத்தே, காத்திருப்போர் வரிசையும் பல இடங்களில் நீண்டுள்ளது.