அறுபதாண்டுத் தொலைவு

தமிழ் வாசகர்களாகிய நாம் நாவல்களைச் சரித்திர நாவல், சமூக நாவல் என்று இரண்டு கூறாக்கியே படித்துப் பழகிவிட்டோம். வார இதழ்கள் வளர்த்துவிட்ட பிரிவினை இது. மன்னரும் குதிரையும் சுரங்கப்பாதையும் வந்தால் முதல் வகை. வாடகை வீடும் அலுவலகமும் மகளின் கல்யாணக் கவலையும் வந்தால் இரண்டாம் வகை. நெடுங்காலமாக இரண்டையும் விரும்பிப் படித்துவரும் வாசகன் என்ற முறையில், இந்தப் பிரிவினையால் நாம் இழந்தது அதிகம் என்று சொல்வேன். ஒரு நாவல் எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்று நான் முதலில் பார்ப்பதில்லை. யாருடைய நினைவை அது காப்பாற்றித் தருகிறது என்றுதான் பார்க்கிறேன்.

ஐரோப்பாவில் சரித்திர நாவலுக்கு வழிவகுத்த வால்டர் ஸ்காட், 1814இல் வெளியிட்ட 'வேவர்லி'யின் துணைத்தலைப்பிலேயே அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று குறித்தார். 1745ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் கிளர்ச்சி அதன் களம். அறுபது ஆண்டு என்பது பாட்டன் சொல்லிப் பேரன் கேட்கக்கூடிய தொலைவு. நிகழ்ச்சி ஆறிப்போயிருக்கும், ஆனால் அதைக் கண்டவர்களில் ஒருசிலர் ஊரில் இன்னும் இருப்பார்கள். ஸ்காட்டையும் டூமாவையும் விரும்பிப் படித்த கல்கி, நமக்கான சரித்திர நாவலைப் படைத்தபோது அந்தத் தொலைவை ஆயிரம் ஆண்டாக நீட்டினார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அதுவே இலக்கணமாயிற்று.

கல்கியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது, நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவப் பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகள் அவர் மேசையில் இருந்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் சோழ இளவரசி குந்தவையின் கணவராகப் பெயர் மட்டும் தெரியும் வல்லவரையர் வந்தியத்தேவரை எடுத்து, தமிழ்நாட்டு வீடுகளிலெல்லாம் செல்லப்பிள்ளையாக்கினார். அந்த ஆற்றல் வேறு யாருக்கு வாய்த்தது? ஐந்தாம் பாகத்துக்கு அவர் இட்ட பெயர் 'தியாக சிகரம்'. பின்னாளில் ராஜராஜனாகிய அருள்மொழிவர்மன் தனக்கு வந்த முடியைச் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுத்த செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. அதை அவ்வளவு பெரிய உச்சமாக உயர்த்தியவர், விடுதலைப் போரில் சிறை சென்று வந்த ஒரு பத்திரிகையாளர். நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள், பதவியைத் துறப்பதே பெருமை என்று அவர் எழுதியிருக்கிறார். பத்தாம் நூற்றாண்டைவிட 1950களின் ஏக்கமே அந்தப் பக்கங்களில் அதிகம் துடிக்கிறது என்று எனக்குத் தோன்றும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்தச் சரித்திர நாவலும் தன் காலத்தைத்தான் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் ஒரு வருத்தம் உண்டு. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற குற்றத்துக்காகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் நிலங்களைப் பறிக்கச் சொல்லும் அரசாணை அது. பிரமாதிராஜன் என்னும் பட்டம் பெற்ற அதிகாரிகளும் அவர்களில் இருந்தார்கள். ஆணை குற்றவாளிகளோடு நிற்கவில்லை. அவர்களுடைய உறவினர் நிலங்களையும் சேர்த்துப் பிடித்தது. கல்கி இந்தப் பெயர்களிலிருந்து நள்ளிரவுச் சதிகாரர்களை உருவாக்கினார். காடும் கூகைக் குரலுமாக அவர்களை நடமாடவிட்டார். கொலை நடந்து பதினைந்து ஆண்டுக்கும் மேலான பிறகு, தாங்கள் செய்யாத குற்றத்துக்காக ஒரு காலையில் நிலம் இழந்த மாமன்களும் மருமகன்களும் மனைவியரும் என்ன ஆனார்கள்? வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபை அந்த ஆணையை வாசித்தபோது அவர்கள் எங்கே நின்றிருந்தார்கள்? அந்தக் கதையை நம் சரித்திர நாவல் எழுதவில்லை. கொலை செய்தது யார் என்ற புதிரிலேயே எழுபது ஆண்டுகளைக் கழித்துவிட்டோம்.

சாண்டில்யனின் கடற்போர்களையும் அகிலனின் 'வேங்கையின் மைந்த'னையும் இளமையில் ஆவலோடு படித்தேன். 'வேங்கையின் மைந்தன்' 1963இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. இப்போது திரும்பப் படித்தால், அந்த உலகத்தில் யாரும் உழுவதில்லை, யாருக்கும் கூலி பாக்கி இல்லை என்பது உறுத்துகிறது. 'உடையா'ரில் பாலகுமாரன் பெரிய கோயிலுக்குக் கல் சுமந்தவர்களையும் உளி பிடித்தவர்களையும் கூர்ந்து பார்க்கத் தொடங்கியது நல்ல திருப்பம்.

இந்த இலக்கணத்தை முழுமையாக மாற்றியவர் பிரபஞ்சன் என்பேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்கி, 1761 ஜனவரியில் அவர் இறக்கும் தறுவாய் வரை நீள்கிறது. அவர் கண்மூடிய நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. பிரெஞ்சுக் கவர்னரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த இந்த வணிகர், எந்த ஊரில் எந்தக் கப்பல் வந்தது, யார் யாருக்கு எவ்வளவு நஜர் கொடுத்தார், துணி மூட்டை என்ன விலை போனது, கவர்னரின் மனைவி யாரிடம் சினந்தாள் என்று நாள்தோறும் எழுதிவைத்தார். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊர் பட்ட பாடும் அதில் இருக்கிறது. இந்தச் சுரங்கத்துக்குள் இறங்கித்தான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகியவற்றை எழுதினார். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

அந்த நாவல்களில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்ஸ் வருகிறார், நவாபுகள் வருகிறார்கள். ஆனால் அவர்களைச் சுற்றி நிற்கும் தாசிகளும் சிப்பாய்களும் மதம் மாறியவர்களும் ஏவலாட்களும்தான் நம் மனத்தில் தங்குகிறார்கள். பிள்ளையின் நாட்குறிப்பு மேலிடத்திலிருந்து பார்த்த உலகம். அதைக் கீழேயிருந்து பார்க்கும்படி பிரபஞ்சன் திருப்பிவைத்தார். அவர் எழுதிய உரையாடல் சில இடங்களில் இருபதாம் நூற்றாண்டுப் புதுச்சேரி முற்போக்காளரின் குரலாகிவிடுவது உண்மையே. அதைப் பொறுத்துக்கொள்ள எனக்குத் தடையில்லை. பரிவு அங்கே குரலை மீறிவிடுகிறது, அவ்வளவுதான்.

பூமணியின் 'அஞ்ஞாடி' 2012இல் வந்தது. 2014இல் அகாதெமி பரிசு பெற்றது. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கொள்ளையும் அதில் உள்ளன. ஆவணங்களைத் தேடிப் பல ஆண்டு உழைத்து எழுதிய நூல். ஆனால் பூமணி கலவரத்திலிருந்து தொடங்கவில்லை. ஆண்டி என்ற உழவர் வீட்டுப் பையனும் மாரி என்ற சலவைத் தொழிலாளி வீட்டுப் பையனும் கூடித் திரியும் கரிசல் காட்டிலிருந்து தொடங்குகிறார். விதைப்பும் வெள்ளாவியும் பேச்சும் கேலியுமாகப் பல நூறு பக்கங்கள் போன பிறகுதான், அந்த மண்ணில் ரத்தம் சிந்துவது நமக்கு வலிக்கிறது. பிற்பகுதியில் ஆவணங்கள் கதையை நெருக்குகின்றன; வழக்கு விவரங்கள் வரிசையாக வரும்போது ஆண்டியையும் மாரியையும் நான் தேடினேன். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்ட'த்திலும் இதே அனுபவம்தான். நாயக்கர் கால அத்தியாயங்கள் வேகமாக நகரும் வரலாறாகவே கடந்துபோகின்றன. மதுரைக் கோட்டை மதிலை வெள்ளையர் ஆட்சி இடிக்கும் இடத்திலும், தாதனூர் என்னும் ஊர்க்காரர்களின் களவு நுணுக்கங்களிலும் நாவல் நிமிர்ந்து எழுகிறது. காவல் காத்தவர்களே குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட கொடுமையைப் புள்ளிவிவரமாக அறிந்திருந்தவர்களுக்கு, இந்த நாவல் அந்த மக்களின் இரவுகளைக் கொடுத்தது.

இனி, சமகால நாவல் என்று நாம் பெயரிட்டவற்றைப் பார்க்கலாம். கல்கியே 1934 பீகார் பூகம்பத்திலிருந்து நாட்டுப் பிரிவினை வரையிலான காலத்தை 'அலை ஓசை'யில் எழுதினார். கண்முன் நடந்ததைச் சூடு ஆறுமுன் எழுதிய நாவல் அது. அவர் மறைந்த பிறகு 1956இல் அகாதெமி பரிசு பெற்றது. ஆனால் சரித்திரம் எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் கதாநாயகி சீதாவைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய நெருக்கடி ஆசிரியருக்கு இருந்திருக்கிறது. அதே ஆண்டுகளின் ஐதராபாத்தை அசோகமித்திரன் 1977இல் 'பதினெட்டாவது அட்சக்கோ'டாக எழுதினார். கதைநாயகன் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான். நிஜாம் ஆட்சியைக் காக்க ஆயுதமேந்திய ரஜாக்கர்களைப் பற்றிய அச்சமும், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நடத்திய போலீஸ் நடவடிக்கையும் அவன் தெருவுக்குள் தாமாக வந்துசேர்கின்றன. கடைசியில் ஓர் எளிய வீட்டுக்குள், தன் குடும்பத்தைக் காக்க ஒரு சிறுபெண் அவன்முன் நிற்கும் அந்தச் சில வரிகளில், இந்திய ஒன்றிணைப்பு என்று பாடநூல் சொல்லும் நிகழ்ச்சி எத்தனை பேரின் மானத்தைத் தின்றது என்று தெரிந்துவிடுகிறது. தமிழின் தலைசிறந்த சரித்திர நாவல் எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

அவருடைய 'தண்ணீ'ரும் அப்படியே. எழுதப்பட்டபோது அது ஜமுனா என்ற பெண்ணின் துயரக் கதை. இன்று, அடிகுழாய் வறண்ட சென்னைத் தெருவில் குடத்தோடு அலைந்த பெண்களின் ஒரு கோடைகாலம் முழுவதும் அந்தச் சிறு நூலில் பத்திரமாக இருக்கிறது.

நெருங்கி நின்று எழுதுவதில் ஆபத்தும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு கொளுத்தப்பட்டார்கள். ஏழு ஆண்டு கழித்து வந்த இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' அந்தப் பெருங்கொடுமைக்கு இலக்கியத்தில் இடம் கொடுத்தது. அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் நிலக்கிழாரின் ஆண்மைக் குறையில் காரணத்தைத் தேடியதை என்னால் ஏற்க முடியவில்லை. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் அந்த மக்கள் செய்த செயல்கள். ஒருவனுடைய உடல் ஊனத்தைக் கதையின் மையத்தில் வைத்தபோது, அவர்களுடைய செயல் ஓரத்துக்குப் போய்விட்டது.

தொலைவும் நெருக்கமும் சரியாக அமைந்த அபூர்வம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப்போர்க் கால மெடானையும் பினாங்கையும் அங்கே வாழ்ந்தவரே எழுதினார். எழுதி முடித்த பின்பும் பதிப்பாளர் கிடைக்காமல் காத்திருந்து, 1972இல்தான் நூலாயிற்று. ஜப்பானியப் படை நுழையும் தெருவும், வட்டிக்கடைப் பெட்டியடிப் பையன்களின் பேச்சும், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழ் இளைஞர்களின் மனமும் அதில் உள்ளதுபோல் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. நம் கடல்கடந்த வெற்றியைப் பாடும் நாவல்கள் வாங்குவோர் மிகுந்து பெருகிய அதே நாட்டில், கடல்கடந்து பிழைக்கப்போனவர்களைப் பற்றிய இந்த நாவல் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இன்று எழுதப்படுபவற்றில் இமையத்தின் 'செல்லாத பணம்' நிலைக்கும் என்று நம்புகிறேன். தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் ஒரு பொறியியல் பட்டதாரிப் பெண், வெளியே காத்திருக்கும் பெற்றோர். கதை பெரும்பாலும் அந்தக் காத்திருப்புதான். மகளைப் படிக்கவைத்த பிறகும் அவள் விருப்பத்தைப் பொறுக்க முடியாத ஒரு தலைமுறையின் வாக்குமூலமாக, அறுபது ஆண்டு கழித்துப் படிப்பவர்கள் இதை எடுத்துக்கொள்வார்கள்.

அறுபதாண்டு என்ற அந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, என் மனத்தில் நிற்கும் தேதி 1964 அக்டோபர் 30. அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இட்ட கையெழுத்தால், இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கெழுதப்பட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்களில் பலர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். கப்பலில் வந்த பாட்டிகளும் சிலர் இருக்கிறார்கள். ஆயிரம் பக்கமானாலும் சரி, அவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு ஒருவர் அந்த நாவலை எழுத வேண்டும்.