பழைய காரின் டோர் பேட் தொங்குகிறதா? பசையை எடுக்கும் முன் தண்ணீரைத் தேடுங்கள்

அப்பா ஓட்டிய மாருதி 800-ஐ ஊரிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். இன்ஜினில் குறை இல்லை. ஆனால் டிரைவர் பக்கக் கதவின் உள்பக்க அட்டை, மெக்கானிக்குகள் 'டோர் பேட்' என்று சொல்வது, அடியில் உப்பிப்போய்த் துருத்திக்கொண்டு நிற்கிறது. கதவைச் சாத்தினால் கடகடவென ஆடுகிறது. ஒரு குஷன் கடையில் விட்டால் பழைய அட்டை மேலேயே புது ரெக்சின் ஒட்டி அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். அடுத்த மழைக்காலம் முடியும்போது அதே இடம் மறுபடி உப்பும்.

இந்த நகரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2010 ஏப்ரலில் பெங்களூரு, சென்னை உட்பட 13 நகரங்களில் பிஎஸ்-4 விதி அமலானபோது, மாருதி 800 அங்கெல்லாம் விற்பனையிலிருந்து விலகியது. ஆக, இங்கே புதிதாக வாங்கப்பட்ட 800 எல்லாமே இப்போது 15 வயதைத் தாண்டியவை. ஓடும் நிலையில் இருந்தால் ஆர்சியை ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்து ஓட்டலாம். ஆனால் முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. அவ்வளவு கட்டி வைத்திருக்கும் காரின் கதவு உள்ளிருந்து துருப்பிடித்தால், செலவு ரெக்சினோடு நிற்காது. டிங்கரிங், பெயின்ட் என்று நீளும்.

கதவுக்குள் தண்ணீர் வருவது இயல்பு

கார் கதவை நாம் தண்ணீர் புகாத பெட்டி என்று நினைத்துக்கொள்கிறோம். கிடையாது. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் உள்ள ரப்பர் பீடிங் பெரும்பாலான மழையைத் தடுக்கும். மிச்சம் கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் இறங்கும். வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கின்றன. உள்பக்கத் தகட்டுக்கும் டோர் பேடுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் இருக்கும், சுற்றிலும் பிசுபிசுப்பான பசையால் ஒட்டப்பட்டு. வழியும் தண்ணீரை பேடைத் தொடவிடாமல் ஓட்டை பக்கம் திருப்பிவிடுவதுதான் அந்த ஷீட்டின் வேலை.

பழைய கார்களில் பேடின் முதுகு பெரும்பாலும் ஹார்ட்போர்டு. மரநாரை அழுத்திச் செய்த மெல்லிய அட்டை. ஈரம் பட்டால் நார் உப்பும். காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. கிளிப் மாட்டும் ஓட்டைகள் நைந்து கிழியும். கிளிப் விட்டுப்போனால் பேட் தொங்கும். அதாவது நீங்கள் பார்க்கும் தொங்கல், கடைசியில் வந்த விளைவு.

சரி, ஷீட் எங்கே போனது? ஸ்பீக்கர் மாட்டியபோதோ, பவர் விண்டோ வைத்தபோதோ, லாக் ரிப்பேர் செய்தபோதோ யாராவது கிழித்திருப்பார்கள். என் காரில் அதுதான் நடந்தது. பேடைக் கழற்றிப் பார்த்தால் ஷீட்டில் பாதியைக் காணோம், மீதி ஸ்பீக்கர் ஒயரோடு சுருண்டு கிடந்தது. இதைக் கண்டுபிடிக்கும் முன் இரண்டு முறை ரெக்சின் மாற்றியிருந்தேன். டேட்டாவை வைத்துப் பிழைக்கிற எனக்கு, ஒரே இடம் மூன்றாவது தடவை உப்பிய பிறகுதான் சந்தேகமே வந்தது!

இன்னொரு காரணம் ஓட்டைகள் அடைத்துக்கொள்வது. தூசி, இலைத்தூள், பழைய அண்டர்கோட்டிங் எல்லாம் சேர்ந்து அடைத்தால், கதவின் அடியில் தண்ணீர் தேங்கும். பிரேக் போடும்போது கதவுக்குள் 'சளக்' என்று கேட்டால் இதுதான்.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நான்கு பேடும் ஒரே உயரம்வரை உப்பியோ கறை படிந்தோ இருந்தால், அது கண்ணாடி வழியாக வந்த மழையாக இருக்க வாய்ப்பு குறைவு. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கேளுங்கள். 2022 செப்டம்பர் 5 காலைவரையான 24 மணி நேரத்தில் பெங்களூரில் 131.6 மில்லிமீட்டர் மழை பெய்தது. அப்போது அவுட்டர் ரிங் ரோடு பக்கம் மூழ்கிய கார்கள் எல்லாமே காயலான் கடைக்குப் போயிருக்காது.

கழற்றுவது எப்படி?

முதலில் ஸ்க்ரூக்கள்: கைப்பிடி, ஆர்ம்ரெஸ்ட், உள்பக்கத் திறப்பானைச் சுற்றியுள்ள மூடி. கண்ணாடியைச் சுற்றி இறக்கும் வைண்டரைப் பல பழைய மாடல்களில் குதிரை லாடம் போன்ற ஒரு கம்பி கிளிப் பிடித்திருக்கும். வைண்டருக்கும் பேடுக்கும் நடுவே ஒரு துணியை நுழைத்து, ஷூ பாலிஷ் போடுவதுபோல இடமும் வலமும் இழுத்தால் கிளிப் தெறித்து வெளியே வரும். எங்கே விழுகிறது என்று கண் வைத்திருங்கள். பிறகு பேடின் அடி விளிம்பிலிருந்து பிளாஸ்டிக் பட்டையால் நெம்பி, கிளிப் கிளிப்பாக விடுவிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் அட்டையைப் பிடித்து இழுத்தால் ஓட்டைதான் கிழியும். பவர் விண்டோ உள்ள கார் என்றால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்விட்ச் கனெக்டர்களையும் பார்த்து எடுங்கள். கதவில் ஏர்பேக் அல்லது சென்சார் உள்ள புதிய கார்களில் இதை வீட்டில் முயல வேண்டாம்.

பேட் வெளியே வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளியே ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். அது உள்ளே இறங்கி அடி ஓட்டைகள் வழியே சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் ஒரு மெல்லிய கம்பியால் அடைப்பை எடுங்கள். தண்ணீர் மொத்தமாகக் கொட்டினால் பீடிங் காய்ந்து வெடித்திருக்கிறது, மாற்ற வேண்டும். பிறகு கதவை நன்றாகக் காயவிட்டு, தடிமனான பாலிதீன் ஷீட்டை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப் வைத்துச் சுற்றிலும் ஒட்டுங்கள். ஷீட்டின் அடிப்பகுதி கதவின் உள்பக்கமாகச் செருகி இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் திரும்பக் கதவுக்குள்ளேயே விழும். மொத்த வேலையில் மலிவான பொருள் இதுதான். கடையில் பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

பேடைச் சரிசெய்வது

அட்டை ஓரமாக மட்டும் நைந்திருந்தால் கிளிப் ஓட்டைக்குப் பின்னால் ஒரு துண்டு மெல்லிய பிளாஸ்டிக்கை ஒட்டித் தேற்றிவிடலாம். முழுக்க உப்பியிருந்தால் புது ஹார்ட்போர்டில் பழையதை வைத்து வரைந்து வெட்டுவதே மேல். முதுகிலும் ஓரங்களிலும், முக்கியமாக ஓட்டைகளின் உள்விளிம்பிலும், வார்னிஷ் அடித்துக் காயவிட்ட பிறகே துணி ஒட்ட வேண்டும். எம்டிஎஃப் வேண்டாம், ஈரத்தில் அதுவும் உப்பும்.

2000-க்குப் பிறகு வந்த பல கார்களில் கதை வேறு. பேட் பிளாஸ்டிக்; நடுவில் ஒட்டிய துணி மட்டும் பலூன்போலத் தொங்கும். அங்கே குற்றவாளி, துணிக்குப் பின்னால் உள்ள ஃபோம். வெயிலிலும் ஈரக்காற்றிலும் அது வருடக்கணக்கில் நைந்து மாவாகிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறும் என்று 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மாவாகிப்போன ஃபோம் மேல் எந்தப் பசை தடவினாலும் பசை அந்த மாவைத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக்கை இல்லை. நைலான் பிரஷ்ஷால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, ஃபோம் பதித்த புதுத் துணி போடுங்கள். தின்னர் ஊற்றித் துடைத்தால் பிளாஸ்டிக்கே உருகலாம்.

வெள்ளை ஃபெவிகால் இதற்கு உதவாது. குஷன் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷன், அதிலும் வெப்பம் தாங்கும் வகை, வாங்குங்கள். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்த வேண்டும். பொறுமை இல்லாமல் ஈரத்தோடு ஒட்டினால் குமிழ் வரும். அதன் ஆவி சீக்கிரம் தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால்

டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை போகும் ஜே.சி. ரோட்டிலும் அதன் சந்துகளிலும் ரெக்சின், கிளிப், பீடிங் எல்லாம் கிடைக்கும். தமிழில் பேசியே வேலையை முடித்துவிடலாம். ரெக்சின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருகிறது. சின்ன காரின் ஒரு கதவுக்குச் சுமார் ஒரு மீட்டர் நீளம், அறுபது சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால், ஒரு மீட்டர் ரெக்சினில் இரண்டு கதவு. மடிப்புக்கும் சேர்த்து நான்கு கதவுக்கு இரண்டரை மீட்டர் போதும். ஐந்து மீட்டருக்கு பில் போட்டால் கேளுங்கள்.

விலை பேசும் முன் "அண்ணா, உள்ள பிளாஸ்டிக் ஷீட் போடுவீங்களா, அட்டையை மாத்துவீங்களா, இல்ல அதுமேலேயே ஒட்டுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஷீட் போடுவதாகச் சொன்னால், பேடை மாட்டும் முன் உங்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் ஷீட் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.